சோள பெட்ரோல்

செஞ்சி,
12 ஜனவரி 2023

அன்புள்ள சுவாதிக்கு,

கலைவாணி எழுதுகிறேன். எந்தக் கலைவாணி என்று யோசிக்காதே. செஞ்சி பெண்கள் பள்ளியில் ஆறாவதிலிருந்து உன் பக்கத்திலேயே உட்கார்ந்து, உன் வேதியியல் நோட்டைப் பார்த்து எழுதியே பாஸான கலைவாணி. இங்கு அனைவரும் நலம். உன் நலம் அறிய ஆவல் என்று எழுதலாம்தான். இத்தனை வருடம் எங்கே போயிற்று அந்த ஆவல் என்று நீ கேட்பாய்.

பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். நம்மூர் ஏரிக்குக் கிழக்கே, அவலூர்பேட்டை ரோட்டை ஒட்டி, மக்காச்சோளத்திலிருந்து எத்தனால் எடுக்கும் தொழிற்சாலை வரப்போகிறதாம். மக்களிடம் கருத்துக் கேட்கக் கூட்டம் வைக்கிறார்கள். விளக்கம் சொல்ல வரும் அதிகாரிகள் என்று மூன்று பெயர் போட்டு, மூன்றாவதாக ரா. சுவாதி, எம்.டெக். உங்கள் தெரு வசந்தாவை நிறுத்திக் கேட்டேன். “எங்க சுவாதிதான், வேற யாரு?” என்றாள். நோட்டீசில் இருந்த கம்பெனி முகவரிக்கே எழுதுகிறேன்.

இங்கே யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. என் வீட்டுக்காரரை உனக்குத் தெரியும், மாமன் மகன் வீரமணிதான். “சோளத்துல பெட்ரோலாம், நாளைக்கு மல்லாட்டையில டீசல் எடுப்பானுங்களா?” என்று டீக்கடையில் ஒரே சிரிப்பு. தங்கராஜ் அண்ணன், “சாராய ஃபேக்டரி. பேரை மாத்திகினு வர்றான்” என்கிறார். என்னைப் பெற்ற நைனா மட்டும் சிரிக்கவில்லை. “தண்ணி எவ்ளோ எடுப்பான், எங்க விடுவான், அதக் கேளுங்கடா” என்கிறார். அவர்கள் சொல்லும் இடத்துக்கு அடுத்த வரப்பு எங்களுடையது. ஐந்து ஏக்கர், கோடையிலும் வற்றாத கிணறு.

நீ சொல், இது நல்லதா கெட்டதா? நீ சொன்னால் நம்புவேன். போன் நம்பர் கொடுத்தாலும் என் போன் பாதி நேரம் இவர் கையில்தான் இருக்கிறது. அதனால் எழுதியே அனுப்பு. எங்கள் வாசலில் நின்றுகொண்டு “கலை, பஸ்ஸு வந்துடுச்சு” என்று கூப்பிடுவாயே, நோட்டீசைப் பார்த்ததும் அந்தக் குரல் காதில் கேட்டது.

என்றும் உன்,
கலை


கோயம்புத்தூர்,
27 ஜனவரி 2023

என் அன்புக் கலை,

ஆபீஸ் தபாலில் டெண்டர் கவர்களுக்கு நடுவே உன் கவர். பிரிக்கும் முன்பே கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிட்டேன். இனி வீட்டு முகவரிக்கே எழுது. ஆபீஸில் எல்லாக் கடிதத்தையும் யாராவது ஒருவர் படித்துவிடுகிறார்கள்.

தங்கராஜ் அண்ணன் சொன்னது பாதி சரி. சோளத்தை அரைத்துக் கூழாகக் காய்ச்சி, ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்து வடித்தால் சாராயம்தான். அதில் கலந்திருக்கும் தண்ணீரை முழுக்கப் பிரித்துவிட்டால் அது குடிக்க உதவாது, எரிக்க உதவும். பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு கலக்கலாம். அந்த இருபது பங்குக்கு அரபு நாட்டுக் கப்பலைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். பூமிக்கடியில் கிடப்பதை எடுத்தால் ஒருநாள் தீர்ந்துவிடும். சோளம் அடுத்த போகத்துக்கும் முளைக்கும். எரியும்போது வரும் கரியமில வாயுவில் பெரும்பகுதியை அந்த அடுத்த பயிரே எடுத்துக்கொள்ளும். மிஞ்சும் சக்கை மாட்டுக்குத் தீவனம். எட்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன், கலை. இதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

உன் நைனா கேட்டதுதான் சரியான கேள்வி. தண்ணீர் நிறையத்தான் வேண்டும். ஆனால் கழிவுநீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி, அந்த ஆவியைக் குளிரவைத்து மறுபடி நாங்களே பயன்படுத்துவோம். ஒரு சொட்டும் மதிலைத் தாண்டக் கூடாது. சட்டமும் அதுதான். அந்தப் பகுதியை வரைந்தவள் நான்தான்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? கம்பெனி மூன்று ஊர்களைப் பார்த்தது. நம்மூரைச் சொன்னது நான். காலனியில் ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்தவர்கள் விடியற்காலையில் ஸ்ரீபெரும்புதூர் வேன் ஏறுகிறார்கள். என் தம்பி தேவேந்திரனும் அதில் ஒருவன். கழனி வேலைக்கும் இப்போது மெஷின் வந்துவிட்டது. உள்ளூர் ஆட்களை எடுத்தே ஆக வேண்டும் என்று சண்டை போட்டு எழுதி வாங்கியிருக்கிறேன். உனக்கு நிலம் இருக்கிறது. எங்களுக்கு அங்கே ஒரு வேலை வந்தால்தான் அது ஊர்.

பயப்படாதே. கூட்டத்துக்கு நான் வருகிறேன்.

அன்புடன்,
சுவாதி


செஞ்சி,
6 மார்ச் 2023

ஆருயிர் சுவாதிக்கு,

கூட்டம் முடிந்ததும் காரில் ஏறிப் பறந்துவிட்டாய். ஒரு வாய் காபி குடிக்கக்கூட நிற்கவில்லை. கோபம்தான். ஆனாலும் எழுதுகிறேன்.

கல்யாண மண்டபத்தில் அதிகாரிகளோடு மேடையில் நீ உட்கார்ந்ததும் ஆண்கள் பக்கம் ஒரே சலசலப்பு. நைனா என் பக்கம் சாய்ந்து, “ராஜாராமன் பொண்ணா அது? கலெக்டராட்டம் உக்காந்துகினு இருக்குது!” என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. உன் அப்பா எங்கள் கழனியில் ஏர் ஓட்டிய நாளிலிருந்து அவருக்கு உங்கள் வீட்டின்மேல் ஒரு பிரியம் உண்டு.

நான் பேசியது உனக்குக் கேட்டதா? மைக் ஊளையிட்டுக்கொண்டே இருந்தது. “மேடையில உக்காந்துகினு இருக்கறது என் சிநேகிதி. அவ பொய் சொல்ல மாட்டா. தண்ணி வெளிய வராதுன்றா. நான் நம்பறேன். எங்க நிலம்தான் பக்கத்து நிலம், நானே நம்பறேன்” என்று சொன்னேன். அதுவரை மடியிலேயே இருந்த கைகள் அதற்குப் பிறகுதான் சம்மதம் சொல்லி மேலே போயின. தங்கராஜ் அண்ணன்கூட மெதுவாகத் தூக்கினார். ராத்திரி இவர், “இன்னாமோ பெரிய தலைவி கணக்கா பேசிட்ட” என்று கேலி செய்தார். முகத்தில் பெருமை தெரிந்தது.

அடுத்த முறை வந்தால் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத்தான் போக வேண்டும். வாசலோடு போகிற வேலையெல்லாம் வேண்டாம்.

உன் பெருமையில் பங்குள்ள,
கலை


கோயம்புத்தூர்,
18 நவம்பர் 2024

அன்புக் கலை,

இரண்டு மாதம் உன் ஊரிலேயே இருந்தும் உன்னோடு உட்கார்ந்து பேச ஒரு மணி நேரம் கிடைக்கவில்லை. பாய்லர் ஓடினால் கூலிங் டவர் நிற்கும், கூலிங் டவர் ஓடினால் கரண்ட் நிற்கும். முதல் டேங்கர் லாரிக்கு மாலை போட்டு அனுப்பியபோது அழுதுவிட்டேன்.

சாப்பாட்டுக்கு நன்றி. உன் கையால் கருணைக்கிழங்கு மசியல். எல்லாம் ருசி. உன் வீட்டுக்குள் நான் உட்கார்ந்து சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. மேனேஜர் ரங்கநாதன் சாரோடு வந்ததால்தானோ என்று இலையில் கை வைத்தபோது ஒரு நினைப்பு வந்தது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? பள்ளிக்கூட நாளில் நான் ஏன் வாசலிலேயே நின்று கூப்பிட்டேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. போகட்டும்.

தேவேந்திரனைக் கண்ட்ரோல் ரூமில் பார்த்தாயே, எப்படி இருந்தான்? அன்று உன்னை உட்காரவைத்து, “இது புளிக்கிற டேங்க்குக்கா. சூடு கொஞ்சம் ஏறினாலும் ஈஸ்ட் செத்துடும். இங்கயிருந்தே தண்ணி தொறந்து குளுர வெப்பேன்” என்று திரையில் காட்டினானாம். கலை அக்கா எல்லாம் கேட்டுகினாங்க என்று நாலு முறை சொல்லிவிட்டான். அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்: “எம் புள்ள சேர்ல உக்காந்து வேல பாக்குறான்.” எங்கம்மா மீனம்பாளுக்கு இனி ரேஷன் கடை க்யூவில் யாராவது இடம் விட வேண்டும் போலிருக்கிறது.

உங்கள் சோளத்தை நல்ல விலைக்கு எடுத்தார்களா? எழுது.

அன்பு மாறாத,
சுவாதி


செஞ்சி,
9 ஏப்ரல் 2025

அன்புள்ள சுவாதி,

இந்தக் கடிதத்தை நாலு முறை எழுதிக் கிழித்தேன்.

நாற்றத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். புளித்த கூழ்ப் பானையை வெயிலில் திறந்து வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. காயப்போட்ட துணியில், சோற்றில், பிள்ளைகளின் தலைமுடியில் எல்லாம் அதே நாற்றம். சரி, பொறுத்துக்கொள்ளலாம் என்றிருந்தோம். மாசிக் கடைசியில் கிணற்றுத் தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தது. மோட்டார் போட்டால் நுரை. வரப்போரத்து மல்லாட்டை, பிஞ்சுக் கடலையோடு ஒரு வாரத்தில் கருகிவிட்டது. மதிலுக்கு அந்தப் பக்கம் குட்டை வெட்டித் தேக்கிவைத்திருக்கிறார்களாம். இவர் மரத்தில் ஏறிப் பார்த்துவிட்டு வந்தார்.

சோளத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். முதல் அறுப்பை எடுத்தார்கள். இரண்டாம் அறுப்பை ஈரம் அதிகம் என்று கேட்டிலேயே திருப்பினார்கள். அதே கேட்டுக்குள் வடக்கே இருந்து லாரி லாரியாகச் சோளம் போகிறது. மல்லாட்டை போட்ட நிலத்தையெல்லாம் சோளத்துக்கு மாற்றியவர்கள் வயிறு எரிந்து கிடக்கிறார்கள்.

எல்லாரும் என்னைத்தான் கேட்கிறார்கள். “நீதானேம்மா மைக் புடிச்சி சொன்ன? இன்னா சொல்றா உன் சிநேகிதி?” கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டேன். நைனா ஒன்றும் கேட்பதில்லை. கிணற்றடியில் போய் நின்று பார்த்துவிட்டு வருகிறார். அது கேட்பதைவிட மோசம்.

ஒரு சொட்டு வெளியே வராது என்றாயே? நேரில் வந்து பார். திங்கட்கிழமை கம்பெனி கேட்டுக்கு முன்னால் மறியல் என்று முடிவாகியிருக்கிறது. மூடு என்பதுதான் கோரிக்கை. அதற்குள் ஏதாவது செய்.

கலை


கோயம்புத்தூர்,
22 ஏப்ரல் 2025

கலை,

உன் கடிதம் வருவதற்குள் திங்கட்கிழமை முடிந்துவிட்டது. நடந்ததை நான் உன்னிடமிருந்து தெரிந்துகொள்ளவில்லை, அம்மா அழுதுகொண்டே போனில் சொன்னாள்.

ஆவியாக்கும் எந்திரத்தின் கொள்ளளவு போதவில்லை. செலவைக் குறைக்க, நான் வரைந்ததைவிடச் சின்னதாக வாங்கியிருக்கிறார்கள். புதிதாக ஒன்று கேட்டு எழுதியிருக்கிறேன், வரும். உன் கிணற்றுக்கு நேர்ந்ததை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. இதை உன் சிநேகிதியாகச் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காலனிக் கைபம்பில் ஜனவரியிலேயே தண்ணீர் நிறம் மாறியது. அம்மா அதைத்தான் வடிகட்டிக் குடித்தாள். அன்றைக்கு யாரும் மறியல் செய்யவில்லை. வேலை போய்விடுமோ என்று எங்கள் ஆட்களும் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

மறியலில் ஷிஃப்டுக்குப் போன எங்கள் ஆட்களை மட்டும் நிறுத்தியிருக்கிறார்கள். வெளியூர் ஆட்களின் வேனுக்கு வழி விட்டிருக்கிறார்கள். தேவேந்திரனை வண்டியோடு கீழே தள்ளியது உன் கொழுந்தன் சேரன். “ஊரு நாசமாப் போவுது, உனக்கு ஏசி கேக்குதா?” என்றானாம். முழங்கையில் ஆறு தையல். உன் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றிருக்கிறார். நீ பெண்கள் கூட்டத்தில் நின்றாயாம். தேவேந்திரன் உன்னைப் பார்த்திருக்கிறான். “கலை அக்கா தலைய குனிஞ்சிகினாங்கக்கா” என்றான்.

தண்ணீருக்காகப் போராடு. நானும் உள்ளே இருந்து போராடுகிறேன். எங்கள் பிள்ளைகளை ஏன் அடிக்கிறீர்கள்?

சுவாதி


செஞ்சி,
3 ஜூலை 2025

அன்புள்ள சுவாதிக்கு,

உன் கடிதம் கண்டு மிகவும் வருந்தினேன். சேரனுக்கு முன்கோபம் அதிகம். நான் அவனைக் கண்டித்தேன். உன் தம்பியைத் தெருவில் பார்த்தால் விசாரிக்க வேண்டும் என்றுதான் இருக்கிறேன், சமயம் வாய்க்கவில்லை.

இப்போது எழுதுவது நல்ல செய்தி. எல்லாம் சமாதானமாக முடிந்துவிட்டது. போன வெள்ளிக்கிழமை ரங்கநாதன் சாரே எங்கள் வீட்டுக்கு வந்தார். நைனா, தங்கராஜ் அண்ணன், இவர் என்று நாலு பேர் உட்கார்ந்து பேசினார்கள். மூன்று சுற்று டீ போட்டேன். ஊருக்குச் சுத்திகரித்த குடிநீர்த் தொட்டி கட்டித் தருகிறார்கள், பிள்ளையார் கோயில் பக்கத்தில். கிணறு கெட்டவர்களுக்கு நஷ்டஈடு. சோளம் ஏற்றும் லாரி கான்ட்ராக்ட் இவருக்கும் தங்கராஜ் அண்ணனுக்கும். ஊர்ப் பையன்கள் சிலருக்கு உள்ளே வேலை. சேரனுக்குக் கண்ட்ரோல் ரூமில்! பி.ஏ. படித்துவிட்டு ஊர் சுற்றிக்கொண்டிருந்தவன், இப்போது டை கட்டாத குறைதான்.

நாற்றம் அப்படியேதான் இருக்கிறது. பழகிவிடும் என்கிறார்கள். நீ கஷ்டப்பட்டுக் கொண்டுவந்த பிளான்ட்டை மூடவில்லை. உனக்கு நிம்மதியாக இருக்குமே என்று உடனே எழுதுகிறேன்.

உன் அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கலை


கோயம்புத்தூர்,
11 ஜூலை 2025

கலை,

கண்ட்ரோல் ரூமில் ஒரு ஷிஃப்டுக்கு ஒரு சேர்தான்.

செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போன தேவேந்திரனிடம் கேட்டில் வேறு அட்டை கொடுத்திருக்கிறார்கள். இனி கான்ட்ராக்ட் ஆளாம், டேங்க் கழுவும் வேலையாம். காலனியிலிருந்து போன எல்லோருக்கும் அதே கதி. ரங்கநாதன் சாரைக் கேட்டேன். “ஊர்ல அமைதி வேணும்னா இதெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணித்தான் ஆகணும் சுவாதி. ஆறு மாசம் போகட்டும்” என்றார்.

விட்டுவிட்டு வாடா, இங்கே வேறு வேலை பார்க்கலாம் என்று தம்பியிடம் சொன்னேன். “நான் வந்துட்டா அப்பறம் நம்ம ஆள் ஒருத்தனையும் அந்த ரூமுக்குள்ள விட மாட்டாங்கக்கா. சேரனுக்கு ஒண்ணும் தெரியல, அலாரம் அடிச்சா என்னத்தான் கூப்புடுறான். மறுபடியும் வாங்கிடுவேன்” என்கிறான்.

நீ டீ கொடுத்துக்கொண்டிருந்தபோது இது பேசப்பட்டதா? ஒரே ஒரு வரி எழுது.

சுவாதி


செஞ்சி,
16 செப்டம்பர் 2025

சுவாதி,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

தகவல் வந்ததும் ஓடிவந்தேன். உங்கள் தெருமுனை வரை வந்துவிட்டேன். இவர் பின்னாலேயே வந்து, “இப்ப போனா வேற மாதிரி ஆயிடும், வூட்டுக்கு வா” என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார். தூரத்தில் இருந்தே தேவேந்திரனைத் தூக்கிப் போவதைப் பார்த்தேன். உன் அம்மாவின் குரல் இங்கே வரை கேட்டது.

டேங்க்கில் இருந்ததைக் குடிக்க இறங்கினான் என்று ஊரில் பேசுகிறார்கள். நான் நம்பவில்லை. அவனைப் பற்றி எனக்குத் தெரியாதா?

சாப்பிடு. அம்மாவைப் பார்த்துக்கொள். வேறென்ன சொல்ல?

கலை


செஞ்சி, காலனி,
2 அக்டோபர் 2025

கலை,

அடுத்த தெருவில் இருந்துகொண்டு தபாலில் எழுதுகிறேன். உன் வீட்டு வாசலில் நின்று கூப்பிட எனக்கு இப்போது மனமில்லை.

நடந்தது இதுதான். புளித்த கூழைக் காலி செய்தபின் டேங்க்கின் அடியில் கரியமில வாயு தங்கும். கண்ணுக்குத் தெரியாது, வாசனை கிடையாது. காற்றை உள்ளே தள்ளி, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் ஆளை இறக்க வேண்டும். கண்ட்ரோல் ரூமில் இருந்தபோது தேவேந்திரனே அந்த அனுமதியைக் கொடுப்பவன். அன்றைக்கு அந்த சேரில் சேரன். காற்றடிக்கும் விசிறி ரிப்பேர். சூப்பர்வைசர் “சீக்கிரம் எறங்கு, அடுத்த லோடு ரெடி” என்று சொல்லியிருக்கிறார். முதலில் அவனோடு டேங்க் கழுவும் எங்கள் காலனிப் பையன் குரு இறங்கினான், சுருண்டு விழுந்தான். அவனைத் தூக்கத்தான் தேவேந்திரன் உள்ளே போனான். கயிறு கட்டிக் குருவை மேலே ஏற்றிவிட்டான். தான் ஏறவில்லை.

அவன் எப்போதுமே துப்புரவு ஆள்தான், கண்ட்ரோல் ரூமில் இருந்ததே இல்லை, குடிக்க இறங்கினான் என்று கம்பெனி சொல்கிறது. குரு சொல்வதை எங்கள் ஆள் என்று ஒதுக்குகிறார்கள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை விசாரணை. ஊர்த் தரப்பிலிருந்து ஒரே ஒரு ஆள் சொன்னால் போதும். அவன் அந்த சேரில் உட்கார்ந்து உனக்குத் திரையைக் காட்டியதை நீ பார்த்தாய். அந்த சேர் எப்படிக் கை மாறியது என்பது உன் வீட்டில் பேசப்பட்டது. ஜூலையில் ஒரு வரி கேட்டேன், நீ எழுதவில்லை. இப்போது எழுத வேண்டாம். வந்து சொல்.

என் தம்பியைக் குடிகாரன் என்று எழுதி மூடிவிடப் போகிறார்கள், கலை.

சுவாதி


செஞ்சி,
20 அக்டோபர் 2025

சுவாதி,

நான் வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிட்டேன். இவர் போய், எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தார்.

நீ கேட்டதை உனக்கு மட்டும் சொல்கிறேன். அன்றைக்கு இவர்தான் ஆரம்பித்தார். “அந்த காலனிப் பையன் உக்காந்துகினு இருக்கானே, அந்த சேரு எங்க சேரனுக்கு வேணும்.” ரங்கநாதன் சார் சிரித்துக்கொண்டே, “சரி, அவன எங்க போடறது?” என்றார். “டேங்கு கழுவட்டும். அவங்களுக்கு அதெல்லாம் பழக்கந்தானே” என்று தங்கராஜ் அண்ணன் சொன்னார். நைனா வாயைத் திறக்கவில்லை. நான் சர்க்கரை போதுமா என்று கேட்டேன். அவ்வளவுதான். படித்துவிட்டுக் கிழித்துவிடு.

என்னை என்ன செய்யச் சொல்கிறாய்? சேரன் ஜெயிலுக்குப் போனால் என் மாமியார் தூக்கில் தொங்குவேன் என்கிறாள். லாரிக்கு வாங்கிய கடன் கழுத்தில் நிற்கிறது. இரண்டு பெண் பிள்ளைகளோடு நான் எந்தத் தெருவில் போய் நிற்பேன்? உனக்குப் படிப்பு இருக்கிறது, கோயம்புத்தூர் இருக்கிறது. எனக்கு இந்த வீட்டை விட்டால் எது?

கேட்காமல் விட முடியவில்லை, கேட்டுவிடுகிறேன். இந்தக் கம்பெனியை இங்கே கொண்டுவந்தது யார்? நானா? நீ சொன்னாய் என்றுதானே நான் மைக் பிடித்தேன்? கிணறு போச்சு. நிலத்தில் ஒன்றும் வருவதில்லை. நைனா யாரோடும் பேசுவதில்லை. உன் தம்பியைச் சேரில் உட்காரவைக்க நீ ஆசைப்பட்டாய், அதற்கு எங்கள் தண்ணீரைக் கொடுத்தோம். எல்லாவற்றுக்கும் முதல் கையெழுத்து உன்னுடையது. அதை உன் விசாரணையில் சொன்னாயா?

இப்படி எழுத வேண்டும் என்று உட்காரவில்லை. வந்துவிட்டது.

கலைவாணி


கோயம்புத்தூர்,
8 நவம்பர் 2025

கலைவாணிக்கு,

சொன்னேன்.

விசாரணையில் முதலில் பேசியது நான்தான். இந்த ஊரைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவள் நான் என்றுதான் ஆரம்பித்தேன். சின்ன எந்திரம் போதாது என்று தெரிந்தும், மேலதிகாரி சொன்னார் என்று திருத்திய வரைபடத்தில் கையெழுத்துப் போட்டேன் என்றேன். டேங்க்குக்கு இரண்டாவது விசிறி வேண்டும் என்று எழுதி, பிறகு செலவென்று அதையும் நீக்க விட்டேன் என்றேன். கைபம்புத் தண்ணீர் நிறம் மாறியது தெரிந்தும் மூன்று மாதம் சும்மா இருந்தேன் என்றேன். அம்மா எதிரிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். அன்றிலிருந்து என்னோடு அதிகம் பேசுவதில்லை. அடுத்த நாளே கம்பெனி என்னை நீக்கிவிட்டது. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

நான் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். முடிவில், போதையில் தானாக இறங்கியதாகத் தெரிகிறது என்று எழுதிவிட்டார்கள். என் தப்பைச் சொல்ல நான் இருந்தேன். அவன் எங்கே உட்கார்ந்திருந்தான் என்று சொல்ல உங்கள் பக்கம் யாரும் இல்லை.

உன் கிணறு கெட்டதற்கு நான் பொறுப்பு. ஆயுள் முழுக்க அது என்னோடு இருக்கும். நைனாவிடம் இதை நான் சொன்னதாகச் சொல். சோளத்திலிருந்து எடுக்கும் எரிபொருள்மேல் எனக்கு இன்னும் கோபம் வரவில்லை. வந்தால் சுலபமாக இருக்கும். அதை ஒழுங்காகச் செய்ய முடியும். செலவைக் குறைக்காமல், தண்ணீரைத் திருடாமல், மேலே எந்த ஆள், கீழே எந்த ஆள் என்று பார்க்காமல் செய்ய முடியும். அங்கே அப்படிச் செய்யவில்லை. நானும் செய்ய வைக்கவில்லை.

உன் கஷ்டம் எனக்குப் புரிகிறது. மாமியார், லாரிக் கடன், பிள்ளைகள், எல்லாம் உண்மைதான். ஆனால் நீ எனக்கு மட்டும் சொன்ன அந்த நாலு வரியில் தேவேந்திரன் குடிகாரன் இல்லை. அந்த சேரில் உட்கார்ந்திருந்த ஆள். ஊருக்கு முன்னால் அவனை அப்படிச் சொல்ல உன்னால் முடியவில்லை.

கடிதத்தைக் கிழிக்கச் சொல்லியிருந்தாய். நான் கிழிக்கவில்லை. கோர்ட்டில் கேஸ் போட்டிருக்கிறோம். உன் கடிதத்தை வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். இதை வேறு யாரோ சொல்லி நீ தெரிந்துகொள்ளக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். சம்மன் உன் பெயருக்கு வரும், வீட்டில் எல்லாரும் பார்ப்பார்கள். எழுதியது நான்தான் என்று நீ சொல்லலாம். என் கையெழுத்தே இல்லை என்றும் சொல்லலாம். எதைச் சொன்னாலும் நானும் அம்மாவும் எதிரில் உட்கார்ந்திருப்போம், எங்களைப் பார்த்துச் சொல்.

இனி இந்த முகவரிக்கு எழுத வேண்டாம்.

ரா. சுவாதி